ஏட்டின் ஆயுளும் எடுத்தெழுதுவோரும்
மணிபல்லவ மரபை முன்வைத்துப் பௌத்தச் சுவடிகள் பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் பௌத்தர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினைப் பேசும்போது பெரும்பாலும் இரண்டு செய்திகளுடன் அமைந்துவிடுகின்றனர். பௌத்தர் இயற்றிய நூல்கள் பல மறைந்துபோயின என்பது ஒன்று. எஞ்சியவற்றுள் மணிமேகலை தலைசிறந்தது என்பது மற்றொன்று. மறைந்தவை ஏன் மறைந்தன, எஞ்சியது எவ்வாறு எஞ்சிற்று என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. எழுப்பப்படுமிடத்தும், கடல் கொண்டது, கறையான் அரித்தது, பகைச் சமயத்தார் அழித்தனர் என்னும் ஆயத்த விடைகளுள் ஒன்று கூறப்பட்டு விடயம் முடிக்கப்படுகிறது. இவ்விடைகள் முற்றும் பொய்யென ஒதுக்கத்தக்கன அல்ல. ஆயினும் அவை நூலின் அழிவை ஒரு விபத்தாகக் காட்டி அமைகின்றன. நூலின் வாழ்வு எதிலே தங்கியிருந்தது என்பதனை அவை விளக்குவதில்லை.

இவ்வினாவை எழுப்புதற்கு யாழ்ப்பாணத் தீவகம் பெரிதும் பொருத்தமான களமாகும். குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் இத்தீவுகள், ஊர்காவற்றுறையைத் தன்னகத்தே கொண்ட வேலணைத்தீவு தொடக்கம் புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு வரை, பரப்பாற் சிறியன. எனினும் பாளியிலும் தமிழிலும் எழுந்த இரு பெருநூல்கள் இப்பகுதியோடு தொடர்புபடுத்தப்பட்டு வந்துள்ளன. மகாவம்சம் கூறும் நாகதீபமும், மணிமேகலை கூறும் மணிபல்லவமும் நயினாதீவே என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். நாகதீபம் என்ற பெயர் பண்டு குடாநாடு முழுவதையும் குறித்தது என்பாரும், காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ளதாகக் காப்பியம் கூறும் மணிபல்லவத்தை இன்றைய நிலப்படத்திற் பொருத்திக் காட்டல் இயலாதென்பாரும் உளர். இவ்விவாதத்திற்கு முடிவு காணுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. விவாதத்திற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல்கள் எவ்வழியாக இன்றைய வாசகர் கைக்கு வந்து சேர்ந்தன என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இரு நூல்களும் கூறும் கதை ஏறக்குறைய ஒன்றே. நாகவரசர் இருவர் மணியாலான ஓர் ஆசனத்தின் பொருட்டுப் போர்புரியப் புகுகின்றனர். புத்தர் அங்கெழுந்தருளிப் பகையை நீக்கி, அவ்வாசனத்தின்மீதமர்ந்து அறமுரைக்கின்றார். மகாவம்சம் அவ்வரசரை மகோதரன், சூளோதரன் எனப் பெயர் கூறி, மாமனும் மருமகனும் என்று உறவும் சுட்டி, நிகழ்ச்சியைப் புத்தரின் இரண்டாவது இலங்கை வருகையாகக் கணக்கிட்டு வைக்கிறது. மணிமேகலையோ ஆசனத்தின் தோற்றத்தைச் சுருங்கக் கூறி, அதன் ஆற்றலை விரித்துரைக்கிறது. அப்பீடிகையைக் கண்டு தொழுவோர் தம் முற்பிறப்பை உணர்வர். முன்னது புத்தரின் வருகையாற் புனிதமுற்ற நிலத்தைப் பற்றிய வரலாறு. பின்னது தன்னைத் தான் அறியும் ஒரு பெண்ணைப் பற்றிய காப்பியம். ஒரே கதை இரு மொழிகளில் இரு வேறு பணிகளை ஆற்றிநிற்கின்றது.

இவ்வேறுபாடு பெரும்பாலான ஆய்வுகளில் மறைந்துபோகிறது. தீவின் பழைய உரிமையை நிலைநாட்ட விரும்புவோர் ஒருசாரார் மகாவம்சத்தையும், மறுசாரார் மணிமேகலையையும் காணியுறுதி போலக் கையிலேந்தி வழக்காடுகின்றனர். உறுதியொன்றைப் பிரமாணமாக ஏற்பதற்கு முன் அது யாருடைய பாதுகாப்பில் இருந்தது, யாராற் பிரதி செய்யப்பட்டது என்று வினவுதல் நீதிமன்றத்திற் கூட வழக்கமாகும். இலக்கிய ஆய்விலோ அவ்வினா கைவிடப்பட்டுள்ளது. அதனை எழுப்பினால் இரு சாராருக்கும் எதிர்பாராத விடையே கிடைக்கின்றது.

முதலில் ஏடு என்னும் பொருளை நோக்குதல் வேண்டும். ஈழத்தின் ஈரவலயத்திலே வளரும் தாளிப்பனையின் இளங்குருத்தோலையே சிங்களப் பௌத்த விகாரைகளில் நூலெழுதப் பயன்பட்டது. ஓலையை நரம்பு நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பான கட்டையின்மீது இழுத்து மெருகேற்றிப் பின் அளவாக நறுக்குவர். 'புஸ்கொல' என்று சிங்களத்தில் வழங்கும் அவ்வேடு அகன்றது. மென்மையும் நெகிழ்ச்சியும் உடையது. வறண்ட தீவகத்திலோ தாளிப்பனை இல்லை, இருப்பது பனை. பனையோலை ஒடுங்கியது, தடிப்பானது, எளிதில் ஒடிவது. அதனைப் பதப்படுத்தித் துளையிட்டு, எழுத்தாணியாற் கீறி, கரியும் இலைச்சாறும் கலந்த மையைத் தடவி எழுத்தைத் துலக்குவர். பின் மேலும் கீழும் சட்டமிட்டுக் கயிற்றாற் கட்டுவர். கயிற்றின் நுனியில் ஏட்டைச் செருகிக் காக்கும் ஓலைத்துண்டு கிளிமூக்கு எனப்படும். இரு மரபுகளிலும் தொழில் ஒன்றே, ஓலையே வேறு.

ஓலையின் இவ்வேறுபாடே நூல்களின் அழிவுக்குக் காரணம் என்று கூறிவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. தாளியோலை பனையோலையினும் நீடித்திருப்பது உண்மையே. ஆயினும் வெப்பமும் ஈரமும் பூச்சியும் மிக்க இந்நிலப்பகுதிகளில் எவ்வோலையும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. சங்கச் செய்யுளோ பாளித் திரிபிடகமோ ஆக்கப்பட்ட காலத்து ஏடு எதுவும் இன்று இல்லை. இன்றுள்ள ஒவ்வோரேடும் ஒரு படியின் படியின் படியாகும். ஓலையில் எழுதப்பட்ட நூல் ஒருமுறை எழுதப்பட்டதனால் வாழ்வதில்லை. தலைமுறைதோறும் எவரேனும் ஒருவர் அமர்ந்து மீண்டும் எழுதுவதனாலேயே அது வாழ்கிறது. ஒரு தலைமுறை எழுதாது விட்டால் அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது பொடிந்த ஓலையே.

கல்லும் பொன்னும் இத்தகையன அல்ல. 1936ஆம் ஆண்டு வல்லிபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு, வசபன் என்னும் மன்னன் காலத்தில் நாகதீவிலே விகாரையொன்று அமைக்கப்பட்டதைக் கூறுகிறது. நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்படல் வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கெட்டால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும், பிற சரக்கேற்றிய கலம் கெட்டால் பாதிக்குப் பாதியும் ஆகவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னனொருவன் தீவகத்துக் கடல்வாணிபத்தைப் பற்றித் தமிழில் ஆணை பிறப்பித்தான் என்பதும் உடன் நோக்கற்பாலது. இவ்விரு சாசனங்களும் தம்மைப் படியெடுப்பார் ஒருவருமின்றி மண்ணிலும் வெளியிலும் கிடந்து தப்பின. சமயநூல்கள் எழுதப்பட்ட ஓலைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே படியெடுத்தல் என்பது தனிமனிதர் ஆர்வத்தில் மட்டும் விடப்படாமல் ஒரு நிறுவனத்தின் கடமையாக்கப்பட்ட இடத்திலேயே சமயநூல்கள் நிலைத்தன. திரிபிடகமும் அதன் உரையும் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில் எழுத்தில் ஏற்றப்பட்டன என்று மகாவம்சம் கூறும். மக்களின் நிலை தாழ்வதைக் கண்ட பிக்குகள், அறம் நிலைபெறும் பொருட்டு, வாய்மொழியாக வந்தவற்றை நூல்களில் எழுதினர் என்பது அதன் கூற்று. மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையை அந்நிகழ்ச்சியின் இடமாகப் பின்வந்த மரபு காட்டுகிறது. மனப்பாடத்தின்மீது நம்பிக்கை தளர்ந்தபோது எழுத்து துணையாயிற்று என்பது பலரும் கூறுவது. மனப்பாடத்தைக் காத்துவந்த சங்கமே பின்னர் ஏட்டையும் காத்தது என்பது அத்துணைக் கவனம் பெறவில்லை.

இக்கடமை நடைமுறையில் எவ்வாறமைந்தது என்பதற்குச் சூளவம்சத்தில் வரும் ஒரு செய்தி சிறந்த சான்று. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட நான்காம் பராக்கிரமபாகு, பன்மொழி வல்லவரான சோழநாட்டுத் தேரர் ஒருவரை அரசகுருவாக அமர்த்தி, அவரிடம் சாதகக் கதைகளைக் கேட்டுக் கற்றுச் சிங்களத்தில் ஆக்கினான். அவற்றை அறிஞர் அவையிற் படிப்பித்து எழுதுவித்து, மேதங்கரர் என்னும் தேரரிடம் ஒப்படைத்து, அவர் மாணவர் வழியே அவை பேணப்படல் வேண்டும் எனப் பணித்தான். அத்தோடமையாது பிரிவெனா ஒன்றமைத்து ஊர்களையும் மானியமாக அளித்தான். நூல், அதனைக் கற்கும் மாணவர் வரிசை, அவர்க்குச் சோறளிக்கும் ஊர் ஆகிய மூன்றும் ஒருங்கே வழங்கப்பட்டதை இங்குக் காண்கிறோம். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் ஏட்டின் ஆயுள் குறைந்துவிடும்.

நிறுவனம் காக்கும் என்பது உண்மையாயின், நிறுவனம் விலக்கியது அழியும் என்பதும் உண்மையாதல் வேண்டும். இதற்கும் ஈழத்திலேயே சான்றுண்டு. 1982ஆம் ஆண்டு அநுராதபுரத்துச் சேதவனாராமத்திற் பொற்றகடுகள் ஏழு கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டுச் சிங்கள எழுத்தில், வடமொழியில், பிரஞ்ஞாபாரமிதை என்னும் மகாயான நூலின் பகுதி அவற்றிற் பொறிக்கப்பட்டிருந்தது. மகாயானக் கல்வி ஈழத்தில் ஒருகாலத்திற் செல்வாக்குடன் விளங்கியது. ஆயினும் பிற்காலத்திற் சங்கம் முழுவதும் தேரவாத மகாவிகாரை நெறிக்கு உட்பட்டதும், அந்நூல்களைப் படியெடுப்பார் இலராயினர். பொன்னில் எழுதப்பட்டது மண்ணுட் கிடந்து மீண்டது. ஓலையில் எழுதப்பட்டது மீளவில்லை. அழிவுக்குப் பகைவரின் தீ வேண்டுவதில்லை. எடுத்தெழுதுவார் இல்லாமையே போதும்.

இந்த வெளிச்சத்தில் தமிழ்நாட்டுப் பௌத்தரின் எழுத்துக்களை நோக்குமிடத்து ஓர் அரிய ஒப்பீடு கிடைக்கின்றது. சோழநாட்டுப் புத்ததத்தர் காவிரிப்பட்டினத்து விகாரையிலும் பூதமங்கலத்திலும் இருந்து அபிதம்மாவதாரம், வினயவினிச்சயம் முதலிய பாளி நூல்களை இயற்றினார். உரையாசிரியர் தம்மபாலர் தென்னிந்தியக் கரையோர விகாரையொன்றில் வாழ்ந்தவர். உரூபசித்தி என்னும் பாளி இலக்கணம் செய்த புத்தப்பியரும் சோழநாட்டோடு தொடர்புடையவர். இவர்தம் நூல்கள் இன்றும் உள்ளன. அவை எழுந்த விகாரைகளோ அழிந்துபட்டன. காவிரிப்பூம்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியின் அடித்தளத்தைத் தொல்லியலார் தோண்டியே காணவேண்டியிருந்தது. நூல்கள் தப்பியது ஈழத்திலும் பர்மாவிலும் இருந்த விகாரைகள் அவற்றைத் தம் கல்விக்குரியனவாக ஏற்றுப் படியெடுத்தமையாலேயே ஆகும். தமிழ்நாட்டுத் தேரரின் சிந்தனையைக் காத்த கைகளுட் பெரும்பாலானவை சிங்களரும் பர்மியரும் ஆவர்.

அதே நாட்டுப் பௌத்தர் தமிழில் எழுதியவற்றின் நிலை வேறு. குண்டலகேசி, பிம்பிசார கதை, சித்தாந்தத் தொகை, திருப்பதிகம் என்பன முழுமையாக இல்லை. மேற்கோளாக வரும் பாடல்களே எஞ்சின. ஈழத்திலும் இதே கதை நிகழ்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர், தாம் பயன்படுத்திய நூல்களுட் தமிழிலமைந்த சாதக அரும்பதவுரை ஒன்றையும் குறிப்பிட்டுள்ளார். சிங்களப் பெரும்புலவர் ஒருவர் பாளிச் சொற்களின் பொருள் துணிவதற்குத் தமிழ் உரையொன்றை நாடினார் என்பது ஈழத்துத் தமிழ்ப் பௌத்த வரலாற்றில் மிகப் பெரிய செய்தி. அவ்வுரை இன்றில்லை. சோழநாட்டுத் தேரரிடம் கேட்ட சாதகக் கதைகள் சிங்களத்தில் வாழ்கின்றன. தமிழிலிருந்த சாதக உரை அழிந்தது. அறிவும் ஓலையும் இரண்டிடத்தும் இருந்தன. மாணவர் வரிசையும் ஊர் மானியமும் ஒன்றற்கு இருந்தன, மற்றொன்றற்கு இல்லாதொழிந்தன.

எனின், எஞ்சிய தமிழ்ப் பௌத்த எழுத்துக்கள் எவ்வாறு எஞ்சின? அவற்றை ஒவ்வொன்றாக நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலனாகும். புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டு நூல். அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கற்றார் என்று கூறும் இந்நூல், இலக்கணம் என்ற காரணத்தாற் பிற சமயத்தாராலும் கற்கப்பட்டது. பெருந்தேவனார் உரையோடு அதனை 1881இல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சைவரான சி. வை. தாமோதரம்பிள்ளை. குண்டலகேசியின் பாக்கள் பல, அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் உரையிலே தங்கின. சித்தாந்தத் தொகையின் அடிகள் சிவஞானசித்தியார் பரபக்க உரையில் மறுப்புக்குரிய மேற்கோளாக நின்றன. மணிமேகலை, சிலப்பதிகாரத்தோடு இணைந்த காப்பியம் என்ற மதிப்பினாற் புலவர் வீடுகளிற் பேணப்பட்டது. இலக்கணமாகவும், மறுப்புக்குரிய பகைக்கூற்றாகவும், சுவைக்குரிய காப்பியமாகவும் பிறருக்குப் பயன்பட்டவையே எஞ்சின என்பது இதனாற் பெறப்படும்.

இம்முடிபு ஓர் எச்சரிக்கையையும் உள்ளடக்கியது. இன்றைய வாசகர் காணும் தமிழ்ப் பௌத்தம் பிறர் தேவை என்னும் சல்லடையில் அரித்தெடுக்கப்பட்ட பௌத்தமாகும். குண்டலகேசியின் வாதங்களை அறிவோர், அதனை வெல்ல விரும்பிய சமணர் தேர்ந்தெடுத்த பகுதிகளையே அறிகின்றனர். அழகும் வாதமும் எஞ்சின. சிறுவர்க்குக் கூறிய சாதகக் கதை, இல்லறத்தார் ஓதிய வணக்கம், துறவோர் கைக்கொண்ட ஒழுக்கவிதி போன்று பௌத்தருக்கு மட்டுமே வேண்டியிருந்தவை, அச்சமூகம் குன்றியபோது உடன் குன்றின. எஞ்சியதைக் கொண்டு தமிழ்ப் பௌத்தம் அறிவாளரின் தருக்கச் சமயமாகவே இருந்தது என முடிவு கட்டுவோர் சல்லடையை மறந்தவராவர்.

மணிமேகலையின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். மணிபல்லவத்தைப் பாடிய இக்காப்பியம் தீவகத்தில் இருந்து கிடைக்கவில்லை. பாண்டிநாட்டு மிதிலைப்பட்டிக் கவிராயர் இல்லம் போன்ற புலவர் குடும்பத்துச் சுவடிகளே உ. வே. சாமிநாதையர் 1898இல் வெளியிட்ட பதிப்புக்குத் துணையாயின. திருமயிலைச் சண்முகம்பிள்ளை மூலத்தைச் சில ஆண்டுகள் முன்னரே அச்சிட்டிருந்தார். எனினும் நூலின் பொருள் துலங்கவில்லை. சீவகசிந்தாமணியின் பொருள் கேட்கச் சாமிநாதையருக்குக் கும்பகோணத்துச் சைனர் இருந்தனர். மணிமேகலையின் பொருள் கேட்கத் தமிழ்ப் பௌத்தர் ஒருவரும் அவருக்குக் கிடைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் ரங்காசாரியார் ஆங்கிலத்தில் வெளிவந்த பௌத்த ஆய்வு நூல்களைப் படித்துக்காட்டியே உதவினார். தமிழர் இயற்றிய பௌத்தக் காப்பியத்தைத் தமிழருக்கு விளக்க ஐரோப்பிய மொழியின் இடைநிலை வேண்டியிருந்தது. அதே 1898இல் அயோத்திதாசர் கொழும்பிற் பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தமை, அறுந்த வாசகர் வரிசையொன்று மீண்டும் தொடங்கியதைக் குறிக்கின்றது.

கற்பிக்கும் மரபு அறுந்த பின்னும் கை எழுதிக்கொண்டே இருந்தால் நேர்வது யாது என்பதையும் சுவடிகள் உணர்த்தும். ஓலையிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. அவ்வேறுபாடு நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தின் பின்னரே. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவின. இதனால் 'போதி' என்று எழுதக் கருதிய சொல் ஏட்டிற் 'பொதி' என்றும் படிக்கத்தக்கதாய், 'பேரதி' எனப் பிரிக்கவும் இடந்தருவதாய் நிற்கும். பௌத்தனொருவனுக்கு அவ்விடத்தில் ஐயம் எழாது. போதி மரமே அறியாத எழுத்தாளனுக்கு மூன்றும் ஒன்றே. இருபத்தொன்பதாம் காதையில் வரும் பக்கம், ஏது, திட்டாந்தம் முதலிய அளவைக் கலைச்சொற்கள் தின்னாகர் மரபின் வடமொழித் தருக்க நூல்களோடு ஒப்பிட்ட பின்னரே நன்கு விளங்கின. பொருள் அறியாமலே அப்பகுதியை எழுத்தெழுத்தாய்ப் பார்த்தெழுதியோரின் பொறுமையாலேயே அவ்வொப்பீடு இயல்வதாயிற்று. பிழைகளுக்காக ஏடெழுதியோரைப் பழிக்கும் பதிப்பாசிரியர் இக்கடனையும் உடன் குறித்தல் நேரிது.

சைவ ஆதீனங்களும் புலவர் குடும்பங்களும் பௌத்த நூலைக் காத்தமையைச் சமயப் பொறையின் சான்றாகப் போற்றுவோர் உளர். பௌத்தம் தமிழ்நாட்டில் மறைந்ததைச் சைவரின் பகைமைக்கு மட்டும் ஏற்றியுரைப்போரும் உளர். இரு கூற்றுக்களும் அரைகுறையே. பௌத்தப் பள்ளிகளின் மானியமும் மக்களாதரவும் குறைந்ததிற் சமயப்போருக்குப் பங்குண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆயினும் சைவப் புலவன் ஒருவன் இரவு விளக்கொளியில் மணிமேகலையைப் படியெடுத்தபோது அவன் பௌத்தத்தைக் காக்க எண்ணினான் என்று கொள்ள வேண்டுவதில்லை. தமிழைக் காக்க எண்ணினான். அவ்வெண்ணம் சமயத்தினும் அகன்றதாயிருந்தமையாலேயே காப்பியம் பிழைத்தது. அவ்வெண்ணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட நூல்கள் பிழைக்கவில்லை.

இவ்வுண்மையைக் காப்பியத்தினுள்ளேயே காணலாம். பாத்திர மரபு கூறிய காதையில் ஆபுத்திரன் வங்கம் தவறவிட்டுச் சென்றதால் மணிபல்லவத்தில் தனியனாக நிற்கிறான். அவன் கையில் அமுதசுரபி இருக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத உணவு அதில் உண்டு. பெறுவாரோ எவருமில்லை. பலருயிர் ஓம்பும் பாத்திரத்தாற் தன்னுயிர் ஒன்றை ஓம்புதல் தகாது எனக் கருதி, ஆண்டுக்கொருநாள் தோன்றுக எனக் கூறி அதனைக் கோமுகியில் இட்டு, உண்ணாநோன்போடு உயிர் துறக்கிறான். கொடையாளியின் அறத்தைப் புலப்படுத்தும் பகுதியாகவே இது பெரிதும் பாராட்டப்பட்டுள்ளது. பாத்திரத்தின் நிலையிலிருந்து நோக்கினால் வேறொரு கருத்தும் துலங்கும். குறையாத பாத்திரமும் ஏற்கும் கையில்லாத தீவிற் பயனற்றதாகின்றது. மணிமேகலை வந்து அதனை ஏற்று, ஆதிரை முதற்பிச்சையிட்ட பின்னரே அது மீண்டும் பாத்திரமாகின்றது. நூலும் அத்தகையதே. அதன் உள்ளடக்கம் எத்துணை வளமுடையதாயினும், ஏற்று மற்றவர்க்கு வழங்கும் கையொன்று தலைமுறைதோறும் வேண்டும்.

இனி மீண்டும் நயினாதீவுக்கு வருவோம். சிங்கள நூலாகிய நம்பொத்த, யாழ்ப்பாணப் பகுதியிலுள்ள பௌத்தத் தலங்களை வரிசைப்படுத்துகையில் நாகதிவயின, புவங்குதிவயின, காரதிவயின என்று நயினாதீவையும் புங்குடுதீவையும் காரைதீவையும் குறிக்கின்றது. தீவகத்திற் சைவமே வழங்கிய காலத்தும் அப்பெயர்கள் தெற்கேயுள்ள விகாரைகளில் ஏட்டிற் படியெடுக்கப்பட்டு வந்தன. மணிபல்லவம் என்ற பெயரோ, பௌத்தரே இல்லாத தமிழ்நாட்டூர்களிற் படியெடுக்கப்பட்டு வந்தது. இவ்விரு பெயர்களோடும் தொடர்புபடுத்தப்படும் தீவினர் இரண்டையும் வெளியிலிருந்தே மீளப் பெற்றனர். இன்று குறிகட்டுவானில் வள்ளமேறிச் செல்வோர் நாகபூசணி அம்மன் கோயிலையும் நாகதீப விகாரையையும் சிறிது தூர இடைவெளியிற் காண்கின்றனர். இரண்டையும் எதிரெதிர் நிறுத்தும் ஆய்வாளர் எடுத்துக்காட்டும் நூல்களுள் எதுவும் ஓரினத்தாரின் கையால் மட்டும் காக்கப்பட்டதன்று. தமிழ்த் தேரரின் பாளி நூலைச் சிங்களப் பிக்கு எழுதினான். பௌத்தனின் தமிழ்க் காப்பியத்தைச் சைவப் புலவன் எழுதினான். காணியுறுதியாக ஏந்தப்படும் ஏட்டை முன்னர் ஏந்தியிருந்தவை அயலாரின் கைகள்.

இது பழங்காலத்தோடு முடிந்துவிட்ட செய்தியன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. அச்சிட்ட நூல்களுட் பலவற்றை மீளத் தேடிப் பெறல் கூடும். ஒற்றைப் படியாக இருந்த ஏட்டுக்கு அவ்வழி இல்லை. 1990களின் தொடக்கத்தில் வேலணை, புங்குடுதீவு முதலிய தீவுகளிலிருந்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். வைத்திய வாகடமும் சோதிடமும் புராணமும் கூத்தும் எழுதிய ஓலைக்கட்டுகள் வீட்டுப் பரணிலும் பெட்டகத்திலும் இருப்பவை. ஆளில்லா வீட்டில் அவற்றின் ஆயுள் கறையானின் பசியைப் பொறுத்தது. நூலகத்துத் தீ உலகறிந்தது. வீட்டுப் பரணில் நிகழும் அழிவுக்கு ஓசையில்லை.

ஏட்டை நிழற்படமாக்கி இலக்கமுறையிற் சேமிக்கும் வசதி இன்று உண்டு. அது வேண்டற்பாலதே. ஆயினும் படமும் ஒரு படியே. படியெடுத்தலோடு கற்றலும் தொடரவேண்டும் என்பதே இதுவரை கூறியவற்றாற் பெறப்படும் முடிபு. ஏட்டெழுத்தைப் படிக்கவல்ல மாணவரை உருவாக்காமற் படங்களைக் குவித்தல், மேதங்கரருக்கு நூலை மட்டும் கொடுத்து மாணவரையும் ஊரையும் கொடாது விட்டமை போலாகும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் பாளி, பௌத்தவியல் துறைகளும் ஈழத்தில் அருகருகே இருந்தும், தமிழ் ஏட்டையும் சிங்கள ஏட்டையும் ஒருங்கே படிக்கவல்லோர் மிகச் சிலரே. ஸ்ரீ ராகுலர் தமது மேசையில் வைத்திருந்த தமிழுரை போன்றதொன்று எங்கேனும் எஞ்சியிருப்பின், அதனைக் கண்டவுடன் இன்னதென அறியத்தக்கவர் இவ்விரண்டும் கற்ற ஒருவரே ஆவர். அத்தகைய ஒருவர் இல்லாதவிடத்து, கைக்கு வந்த ஏடும் வெறும் ஓலையே.